ராத்திரி ஜாபை நிறுத்துவதற்கு முன்

"எல்லாமே ரியல் டைமில் வேண்டும் சார்." டேட்டா என்ஜினியராக இருப்பவர்கள் இதைக் கேட்காத மாதம் இருக்காது. கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு ஃபோனைப் பைக்குள் போடுவதற்குள் கடையின் ஸ்பீக்கர் தொகையைச் சொல்லிவிடுகிறது. தன் சொந்தக் கம்பெனியின் விற்பனையைப் பார்க்க மட்டும் மறுநாள் காலை வரை காத்திரு என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த யுபிஐயே அடிமட்டம் வரை ரியல் டைம் கிடையாது. கடைக்காரர் கணக்கில் பணம் உடனே ஏறுகிறது. வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான பாக்கியைக் கூட்டிக் கழித்து, நாளுக்குப் பல சுற்றுகளாகத்தான் தீர்க்கிறார்கள். நெஃப்ட் 2019 டிசம்பரில் 24 மணி நேர சேவையாக மாறியபோதும் அரை மணிக்கு ஒரு பேட்ச், அதாவது சேர்ந்ததை மொத்தமாகத் தீர்ப்பது என்ற முறை அப்படியேதான் இருந்தது. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தனித்தனியாக அப்போதைக்கப்போதே தீர்ப்பது ஆர்டிஜிஎஸ். அதில் குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். எது உடனே நடக்க வேண்டும், எது அரை மணி பொறுக்கும் என்று அங்கே யாரோ உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். நம் ப்ராஜெக்டுகளில் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த எண் 5 நிமிடத்தில் தெரிந்தால், அதை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்? ஒரு மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் இப்படிக் கேட்டபோது பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது. விற்பனை ரிப்போர்ட்டை முதலாளி காலையில்தான் பார்க்கிறார், அது ராத்திரி ஒருமுறை டேட்டாவை மொத்தமாக எடுத்து வரும் ராத்திரி ஜாபிலேயே இருக்கட்டும். ஸ்டாக் அப்படியில்லை. மிச்சமிருக்கும் ஒரே பெட்டிக்கு இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் பில் போட்டுவிடுகின்றன. கடன் வரம்பும் அப்படித்தான். ரியல் டைம் தேவைப்பட்டது இந்த இரண்டு டேபிள்களுக்கு மட்டும்.

சரி, ராத்திரி ஓடும் ஜாபையே நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினால் ஆயிற்று என்று தோன்றும். டேபிளில் கடைசியாக மாற்றிய நேரத்துக்கு ஒரு காலம் (column) இருக்கிறது, போன தடவை பார்த்ததற்குப் பிறகு மாறியதை மட்டும் எடு. பார்க்க எளிமையாக இருக்கும். ரெக்கார்டுகள் காணாமல் போவது இங்கேதான்.

ஒரு பில் 10:00:00 மணிக்கு டிரான்சாக்‌ஷனைத் தொடங்குகிறது. அந்த நேரமே ரெக்கார்டிலும் பதிகிறது, ஏனென்றால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'நௌ' ஃபங்ஷன் தருவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. பில் பெரியது, கமிட் ஆக, அதாவது உறுதியாகி மற்றவர்களுக்குத் தெரிய, 10:00:40 ஆகிவிட்டது. நடுவில் 10:00:30க்கு நம் ஜாப் வந்து எட்டிப் பார்த்தது. கமிட் ஆகாத பில் அதன் கண்ணில் படவில்லை. 10:00:29 நேரமிட்ட வேறொரு ரெக்கார்டை எடுத்துக்கொண்டு, அதுவரை முடிந்தது என்று குறித்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த முறை அது தேடுவது 10:00:29க்குப் பிந்தியதை மட்டும். 10:00:00 என்று முத்திரை குத்திய அந்தப் பில் இனி எந்தச் சுற்றிலும் வராது. எர்ரரும் வராது. அப்புறம், டெலிட் ஆன ரெக்கார்டுகள் இந்த முறையில் தெரியவே தெரியாது. இல்லாத ரெக்கார்டை எந்த க்வெரி கொண்டுவரும்?

இதனால்தான் டேபிளைக் கேட்காமல், டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எழுதி வைக்கும் லாகைப் படிக்கும் முறைக்குப் போக வேண்டியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் அதன் பெயர் பின்லாக், போஸ்ட்கிரெஸ்ஸில் வால் (WAL). ஒவ்வொரு மாற்றமும் டெலிட் உட்பட அதில் எழுதப்படுகிறது, கமிட் ஆன வரிசையிலேயே படிக்கலாம். டெபீசியம் போன்ற கருவி அதைப் படித்து, செய்திகளை வரிசையாகச் சேர்த்து வைக்கும் காஃப்காவில் போடும், வேண்டியவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். காஃப்கா லிங்க்டின்னுக்குள் உருவாகி 2011இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இன்று அதை அமைக்க அரைநாள் போதும். தலைவலி ஆரம்பிப்பது அமைத்த பிறகு.

ராத்திரி ஜாபுக்கு முடிவு என்று ஒன்று உண்டு. காலையில் வந்து பார்த்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு அது இல்லை. 20 நிமிடமாக ஒரு ரெக்கார்டும் வரவில்லை என்றால் வியாபாரம் மந்தமா, டேட்டா வரும் குழாய் அடைத்துக்கொண்டதா? காசோலை கிளியரிங்கை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 4 முதல் பேட்ச் முறையிலிருந்து தொடர் முறைக்கு மாற்றியபோது இந்தக் கேள்விக்கும் சேர்த்தே விதி எழுதியது: அன்று வந்த காசோலைக்கு மாலை 7 மணிக்குள் வங்கி பதில் சொல்லாவிட்டால், அது ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நாமும் இப்படி ஒன்றை எழுதி வைக்க வேண்டும். எங்கள் வழக்கம், ஒரு சின்ன டேபிளில் நிமிடத்துக்கு ஒருமுறை நாமே ஒரு வரியை மாற்றுவது. அது மறுமுனையில் வரவில்லை என்றால் குழாயில் கோளாறு. அது வந்து பில் வரவில்லை என்றால் வியாபாரம் மந்தம்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த அமைதி ஆபத்தும்கூட. லாகைப் படிப்பவர் (டெபீசியம் போன்ற கருவிதான்) எதுவரை படித்தார் என்பதை ரெப்ளிகேஷன் ஸ்லாட் நினைவில் வைத்திருக்கும். படிக்காத லாகை டேட்டாபேஸ் அழிக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிப்பவர் விழுந்துவிட்டால் சனி, ஞாயிறு முழுக்க லாக் சேரும். டிஸ்க் நிறைந்ததும் நிற்பது ரிப்போர்ட் அல்ல, பில் போடும் சர்வரே. இதற்கு வரம்பு வைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 13இல் வந்தது, ஆனால் நாமாக வைக்காவிட்டால் வரம்பு இல்லை. மைஎஸ்கியூஎல் நேர் எதிர்: யார் படித்தாலும் படிக்காவிட்டாலும் கெடு முடிந்ததும் பின்லாகை அழித்துவிடும். சர்வர் தப்பிக்கும், நீங்கள் முதலிலிருந்து மொத்த டேபிளையும் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால், பில் போடும் சர்வர் நிற்காத வழிதான் என்பேன்.

இன்னொன்று, ஒரே ரெக்கார்டு இரண்டு தடவை வரும். வரலாம் என்று இல்லை, வரும். படிப்பவர் பாதியில் விழுந்து எழுந்தால் கடைசியாக உறுதி செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். "ஸ்டாக்கில் 5 குறை" என்று அனுப்பியிருந்தால் 10 குறைந்திருக்கும். "ஸ்டாக் இப்போது 45" என்று அனுப்பி, கூடவே லாகில் அதன் இடத்தையும் அனுப்பினால் எத்தனை தடவை வந்தாலும் கவலையில்லை. பழைய இடத்திலிருந்து வருவதை ஒதுக்கிவிடலாம்.

ராத்திரி ஜாப் என்ன ஆயிற்று? நிறுத்தவில்லை, அதன் வேலையை மாற்றினோம். முந்தைய நாளின் பில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் கிளைவாரியாக, பில் போடும் பக்கம், ரிப்போர்ட் பக்கம் இரண்டிலும் எடுத்து ஒப்பிட்டு, கணக்குப் பிரிவுக்கு மெயில் போடுகிறது. வித்தியாசம் பூஜ்யமாக இருந்தாலும் மெயில் போகும். வராத நாளில் ஒன்பதரைக்கெல்லாம் அங்கிருந்து ஃபோன் வந்துவிடுகிறது.