முதலில் சூடு, அப்புறம்தான் தண்ணீர்

முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் வருவார்கள். அன்றைக்கு வந்த அம்மாவின் கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே துணிக்கு நடுவில், நனைந்த பஞ்சு மாதிரி சுருண்டு கிடந்தது குஞ்சு. "ரெண்டு நாளா ஓட்டுக்குள்ளேயே முட்டிக்கிட்டு இருந்துச்சு டாக்டர். நான்தான் உரிச்சு எடுத்தேன். பசிக்குமேன்னு ஃபில்லர்ல சர்க்கரைத் தண்ணி ஊத்தினேன்" என்றார். காதருகே வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே நீர் கொப்பளிக்கிற சத்தம். விடிவதற்குள் இறந்துவிட்டது.

ஓட்டை உரித்ததில் அவர்மேல் எனக்குக் குறையில்லை. இரண்டு நாள் காத்திருந்துதான் கை வைத்திருக்கிறார். சாவுக்குக் காரணம் அந்தச் சர்க்கரைத் தண்ணீர். பறவையின் மூச்சுக்குழாய் நாக்குக்குப் பின்னாலேயே வாய் திறந்து இருக்கிறது. தெம்பான குஞ்சு விழுங்கும்போது அதை மூடிக்கொள்ளும். சோர்ந்து தலை தொங்கும் குஞ்சுக்கு அது முடியாது. அலகைப் பிளந்து ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பொரித்த குஞ்சுக்கு உடனே பசிக்கும் என்பது நம் நினைப்புதான். கோழி முட்டைக்கு 21 நாள் கணக்கு. கடைசி ஓரிரு நாளில் மீதமிருக்கும் மஞ்சள் கரு முழுவதும் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கான சாப்பாடு அது. ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தீவனம் இல்லாமலே தொலைதூரம் அனுப்ப முடிவதும் இதனால்தான். ஓட்டில் முதல் துளை போட்ட பிறகு குஞ்சு மணிக்கணக்கில் சும்மா கிடப்பதற்கும் இதே காரணம். வெளியிலிருந்து பார்க்க ஓய்வு மாதிரி இருக்கும். உள்ளே சவ்வில் ஓடும் ரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உரித்தால் ரத்தம் கசியும். கசிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். துளை போட்டு 24 மணி நேரம் தாண்டியும் நகர்வே இல்லை, சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டது என்றால் மட்டும் உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, காற்றறை இருக்கும் பருத்த முனைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி உதையை அதுவே உதைக்கட்டும்.

சரி, குஞ்சு வெளியே வந்துவிட்டது. நிற்கவில்லை, கண் திறக்கவில்லை. இப்போது என்ன?

சூடு. வேறு எதுவும் அப்புறம். பிறந்த குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஈரமாக இருக்கும் குஞ்சு இன்னும் வேகமாகக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குஞ்சுக்கு விழுங்கவும் வராது, செரிக்கவும் செரிக்காது. இன்குபேட்டரில் பொரித்திருந்தால் ரோமம் காய்ந்து பூவாகும் வரை அதற்குள்ளேயே விடுங்கள். பார்த்துப் பார்த்து மூடியைத் திறந்தால் ஈரப்பதம் போய்விடும், ஓட்டுக்குள் இருக்கும் மற்ற குஞ்சுகளின் சவ்வும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்த பிறகு பல்புக்கு அடியில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள், குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள். பலர் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ராத்திரி நாம் தூங்கிய பிறகு அது ஆறிப்போய் குஞ்சின் சூட்டையே உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

பெட்டியின் ஒரு ஓரம் சூடாகவும் மறு ஓரம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தால் தெம்புள்ள குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். நகர முடியாத குஞ்சுக்கு நீங்கள்தான் கால். வாய் பிளந்து மூச்சு வாங்கினால், இறக்கையை விரித்துக்கொண்டு கிடந்தால் சூடு அதிகம். விடாமல் கீச்சென்று கத்தினால், கால் தொட்டுச் சில்லென்று இருந்தால் போதவில்லை. சத்தமே இல்லாமல், கால் சில்லிட்டுக் கிடப்பதுதான் எனக்குப் பயமான நிலை.

உடம்பு சூடேறி, தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்த பிறகு தண்ணீர். வெதுவெதுப்பான நீரை விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகின் பக்கவாட்டில் தொட்டு வையுங்கள். அது அலகை அசைத்து விழுங்கும் வரை காத்திருங்கள், பிறகு அடுத்த சொட்டு. ரொம்பச் சோர்வாக இருந்தால் ஒரு டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போதும், அதுவும் முதல் நாளைக்கு மட்டும். பால் வேண்டவே வேண்டாம், பறவைகளுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. தானாகக் குடிக்கத் தொடங்கியதும் ஆழமில்லாத தட்டு வையுங்கள், அதில் கூழாங்கற்களைப் போட்டுவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் தண்ணீரிலும் முகம் குப்புற விழுந்து மூழ்கிவிடும்.

தீவனத்துக்கு அவசரமே இல்லை. நிற்கத் தொடங்கிய பிறகு குஞ்சுத் தீவனத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி வைத்து, விரலால் தட்டிக் காட்டுங்கள். தாய்க்கோழி அலகால் செய்கிற வேலை அது.

கஷ்டப்பட்டுப் பொரித்த குஞ்சின் பிடரி வீங்கியிருப்பதைப் பார்த்து அடிபட்டுவிட்டது என்று பதறுவார்கள். ஓட்டை உடைக்க உதவிய தசை அது. பொரிக்கும் சமயத்தில் நீர் கோத்துப் பருத்திருக்கும், சில நாளில் தானாக வற்றும். தொப்புளில் கறுப்பு நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதையும் எச்சம் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். காய்ந்த தொப்புள்கொடிதான், பிய்த்தால் குடல்கூட வெளியே வந்துவிடும். மஞ்சள் கரு முழுதாக உள்ளே போகாமல் வெளியே தெரிந்தால் அழுத்தித் தள்ளாதீர்கள், கத்தரிக்காதீர்கள். சுத்தமான ஈரத்துணியின்மேல் தனியாகக் கிடத்தி இன்குபேட்டரிலேயே வையுங்கள். பல சமயம் அடுத்த நாளுக்குள் உள்ளே போய்விடும். தொப்புளில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி ஒரு தொடு. தொப்புள் ஈரமாகி, வயிறு உப்பி, நாற்றம் அடித்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று பொருள். அந்தக் குஞ்சைப் பிரித்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எல்லாக் குஞ்சுகளின் தண்ணீரிலும் கலப்பது வேண்டாத வேலை.

அடியில் செய்தித்தாள் விரிப்பதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிப்பேன். வழுக்கும் தரையில் பலவீனமான குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் அகன்றுவிடும். சொரசொரப்பான துணி போடுங்கள். அகன்றுவிட்டால் ஒட்டும் பேண்டேஜ் ஒன்றை மெல்லிய பட்டையாக வெட்டி, இயல்பாக நிற்கும் அளவு இடைவெளி விட்டு இரண்டு காலையும் இணைத்துக் கட்டலாம். எலும்பு இளசாக இருக்கும் முதல் சில நாளில் செய்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் என்னால் அதிகம் செய்ய முடிவதில்லை.

தனியாக வைத்த குஞ்சு கத்திக் கத்தியே களைத்துப்போகும். சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். மொத்தக் கூட்டத்தோடு உடனே விடாதீர்கள், மிதித்துவிடும், கொத்திவிடும். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் மேலும் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கு தரும் கிருமி இருக்கலாம், ஆகவே குழந்தைகள் அதை முத்தமிட விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் மூன்றாம் நாள் நிற்காமல், குடிக்காமல், தலை சாய்ந்தே கிடந்தால் அது வேதனைப்படுகிறது. வலியில்லாமல் விடுவிப்பதும் எங்கள் வேலைதான், கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு ஈட்டில் ஒரு குஞ்சு திணறினால் அது அந்தக் குஞ்சின் கதை. நாலைந்து திணறினால் இன்குபேட்டரைப் பாருங்கள். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருந்ததா? மின்விசிறி உள்ள கருவியில் வெப்பம் 37.5 டிகிரியில் நின்றதா? குறைந்திருந்தால் தாமதமாக, சோர்ந்துபோய்ப் பொரிக்கும். கூடியிருந்தால் நாளுக்கு முன்பே, தொப்புள் மூடாமல் வரும். இரண்டும் சரியாக இருந்தும் விரல் சுருண்ட குஞ்சுகளாக வந்தால், தாய்க்கோழிகளின் தீவனத்தில் வைட்டமின் பி2 போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். எப்படியும் அடுத்த ஈட்டுக்கு முட்டை வைக்கும் முன், கருவியோடு வந்த தெர்மாமீட்டரை நம்பாமல் நல்லதாக இன்னொன்றை உள்ளே வைத்து ஒரு நாள் முழுக்க ஒப்பிட்டுப் பாருங்கள்.