கல்யாண டிவிடி கைப்பேசிக்கு வரும் வழி

சிங்கப்பூரில் 2000களில் கல்யாணம் செய்துகொண்ட பலருடைய வீட்டு அலமாரியில் ஒரு டிவிடி இருக்கும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நடந்த முகூர்த்தம், சமூக மன்றத்தில் நடந்த விருந்து, அத்தை மாமாக்கள் வரிசையாக மேடையேறி நின்ற புகைப்பட நேரம் எல்லாம் அதில் அடக்கம். அதைப் போட்டுப் பார்க்க இன்று பிளேயர் இல்லை. புது மடிக்கணினிகளில் வட்டு செருகும் இடமும் இல்லை.

வழி ஒன்றும் கடினமில்லை. சிம் லிம் ஸ்கொயர் பக்கம் போனால் யுஎஸ்பியில் இயங்கும் டிவிடி டிரைவ் கிடைக்கும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் வட்டைத் திறந்து, எம்பி4 வீடியோ கோப்பாக மாற்றி, கைப்பேசியில் ஏற்றினால் முடிந்தது. ஆனால் இப்படி மாற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் குடும்ப வீடியோக்களைப் பாருங்கள். மாப்பிள்ளை ஒன்று குண்டாக இருப்பார், இல்லையென்றால் இழுத்துவிட்டதுபோல ஒல்லியாக இருப்பார். யாராவது கையை வீசினால் விளிம்பு கோடு கோடாகக் கிழியும். நாதஸ்வரம் காதைப் பிளக்கும், பேச்சு கேட்காது. "சுருக்கினால் இப்படித்தான் ஆகும்" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் கோளாறுகளுக்கும் சுருக்கத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. டிவிடி, பழைய குழாய் டிவிக்காகச் செய்யப்பட்ட பொருள். அந்த டிவிக்கென்று செய்துவைத்த ஏற்பாடுகளைப் பிரிக்காமல் அப்படியே புதுத் திரைக்குக் கொண்டுவருவதால் வரும் வினை இது.

முதலில் சுருக்கத்தையே பார்த்துவிடலாம். சிங்கப்பூர் பின்பற்றிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் ஒரு டிவிடி படச்சட்டம் 720க்கு 576 பிக்சல், விநாடிக்கு 25 சட்டம். சுருக்காமல் சேமித்தால் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 0.62 எம்பி, விநாடிக்கு 15.5 எம்பி. இரண்டரை மணி நேர வீடியோ 140 ஜிபி ஆகும். ஒற்றை அடுக்கு வட்டில் இருக்கும் இடமோ 4.7 ஜிபிதான். ஆகவே டிவிடியில் இருப்பதே ஏற்கனவே சுமார் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிய படம். அதைச் செய்தது எம்பெக்-2 என்னும் முறை.

எம்பெக்-2 எல்லாச் சட்டங்களையும் முழுசாக எழுதுவதில்லை. அரை விநாடிக்கு ஒருமுறை போல ஒரு முழுப் படத்தை எழுதும். நடுவில் வரும் சட்டங்களுக்கு, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். வழக்கமான காப்பிக்கடையில் "எப்போதும் குடிக்கிற தே தாரிக்தான், இன்றைக்குச் சீனி மட்டும் குறைத்து" என்று சொன்னால் போதுமே, அந்த மாதிரி. படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டம் போன சட்டத்தில் மூன்று பிக்சல் இடப்பக்கம் இருந்தது" என்று எழுதினால் அந்தக் கட்டத்தைத் திரும்ப வரைய வேண்டியதில்லை. மணமேடையின் பின்னணி, அசையாமல் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் ஆகியவை கிட்டத்தட்ட இலவசம். அட்சதை தூவும் நொடிதான் செலவு. நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் ஆளுக்கொரு திசையில் பறக்கும்போது எதை வைத்து எதைக் கணிப்பது? அந்த இடத்தில் பழைய டிவிடிகளில் படம் சதுரம் சதுரமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள்.

2003இல் வந்த எச்.264 முறையும் இதே யோசனைதான், ஆனால் கணக்கு இன்னும் நுணுக்கம். கட்டங்களை 4க்கு 4 வரை பிரிக்கலாம். அசைவைக் கால் பிக்சல் துல்லியத்தில் சொல்லலாம், எம்பெக்-2 அரை பிக்சலோடு நின்றுவிடும். பக்கத்துச் சட்டங்கள் மட்டுமின்றி முன்பு போன பல சட்டங்களிலிருந்தும் கடன் வாங்கலாம். கட்டங்களின் ஓரம் தெரியாமல் மெழுகிவிடும் வடிகட்டியும் உள்ளேயே இருக்கிறது. அதனால் டிவிடியில் 4 ஜிபிக்கு மேல் பிடித்த வீடியோவை 1.3, 1.5 ஜிபியில் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாமல் அடக்கிவிடலாம். கைப்பேசிகளில் எச்.264ஐ விரிப்பதற்கென்றே தனி வன்பொருள் இருப்பதால் பேட்டரியும் தாங்கும். 2013இல் வந்த எச்.265 இன்னும் சிறிதாக்கும். டிவிடி அளவுப் படத்துக்கு அந்த மிச்சம் பெரிதில்லை, பழைய கருவிகளில் ஓடாமல் போகும் தொல்லை வேறு. நானாக இருந்தால் எச்.264ஓடு நிறுத்திக்கொள்வேன்.

மென்பொருளில் அளவைச் சொல்லாமல் தரத்தைச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக்கில் அதற்கு ஆர்எஃப் என்று ஓர் எண் உண்டு. எண் குறைந்தால் தரம் கூடும், ஆறு கூட்டினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை சரியாக இருக்கும். ஒரு சின்ன ரகசியம்: குறைந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் இருட்டுப் பகுதிகள் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அந்தப் புள்ளிகளுக்கு ஒழுங்கே கிடையாது, கணிக்கவும் முடியாது. பட்டுச் சேலையின் சரிகைக்குப் போக வேண்டிய பிட்டுகளையெல்லாம், அதாவது கோப்பின் இடத்தையெல்லாம், அதுவே தின்றுவிடும். இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மிக மிதமாகப் போட்டால் கோப்பும் சிறுக்கும், முகமும் தெளியும். அதிகமாகப் போட்டால் எல்லார் முகமும் மெழுகுபொம்மை ஆகிவிடும்.

இனி குழாய் டிவியின் விவகாரத்துக்கு வருவோம். அந்த டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரையாது. முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள், அடுத்த 1/50 விநாடியில் இரட்டைப்படை வரிகள். விநாடிக்கு 50 அரைப்படம். திரையின் ஒளிர்வும் நம் கண்ணும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கல்யாண வீடியோ எடுத்த கேமராவும் அப்படித்தான் படம்பிடித்தது. ஆக, டிவிடியின் ஒரு சட்டத்தில் இருப்பது ஒரு கணம் அல்ல, 1/50 விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு கணங்கள். அவற்றின் வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன.

ஆள் அசையாதவரை பிரச்சினை இல்லை. மகளின் பரதநாட்டிய அரங்கேற்ற வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுபவரின் ஒன்றரை மீட்டர் உயரம் திரையில் 400 வரி என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் இரண்டரை பிக்சல். கை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நீண்டால், 1/50 விநாடியில் 4 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது பத்து பிக்சல். ஒற்றைப்படை வரிகளில் கை ஓரிடத்திலும், இரட்டைப்படை வரிகளில் பத்து பிக்சல் தள்ளியும் இருக்கும். கைப்பேசித் திரை எல்லா வரிகளையும் ஒன்றாகவே காட்டுவதால் வளையல் இரண்டாகக் கிழிந்து தெரிகிறது. இந்தக் கோடுகளோடு சுருக்கப் போனால் இன்னும் மோசம். ஒவ்வொரு கோடும் நுணுக்கமான வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டு மென்பொருள் பிட்டுகளை அள்ளிக் கொடுக்கும். படத்தைச் சிறிதாக்கினால் கோடுகள் மங்கிக் குழம்பிப் போகும், பிறகு எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது.

ஆகவே வரிகளைப் பிரிக்கும் வேலை முதலில் நடக்க வேண்டும். ஒரு பாதியைத் தூக்கிப்போடலாம், ஆனால் படத்தின் கூர்மை பாதியாகும். இரண்டையும் கலக்கலாம், கை பேய்க்கை மாதிரி இரட்டையாகத் தெரியும். நல்ல வழி, ஒவ்வொரு அரைப்படத்தையும் தனிச் சட்டமாக்கி, விடுபட்ட வரிகளை மேலும் கீழும் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்புவது. அப்போது விநாடிக்கு 25க்குப் பதில் 50 சட்டம் கிடைக்கும். ஹேண்ட்பிரேக்கில் இதற்கு 'பாப்' (Bob) என்று பெயர். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் நாட்டியத்துக்கு அது தகும். அடவு அன்று மேடையில் பார்த்த அதே வழுவழுப்போடு ஓடும். அப்புறம், மாற்றிய வீடியோவில் ஆள் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வருவதுபோல உதறினால், எந்த அரைப்படம் முதலில் என்ற வரிசை தலைகீழாகியிருக்கிறது. மினி டிவி (MiniDV) என்னும் கேமரா டேப்பிலிருந்து எரித்த வட்டுகளில் இது நடக்கும். டேப்பில் கீழ் வரிகள் முதலில், டிவிடியில் பெரும்பாலும் மேல் வரிகள் முதலில். அமைப்பில் அந்த வரிசையை மாற்றினால் உதறல் நின்றுவிடும்.

திரைப்பட வட்டுகளின் கதை வேறு. சினிமா விநாடிக்கு 24 சட்டம். பால் வட்டில் அதை 25ஆக வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறும். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில், ஒரு சட்டத்தை இரண்டு அரைப்படமாகவும் அடுத்ததை மூன்றாகவும் மாற்றி மாற்றி நீட்டுவார்கள். இதை ஊகம் எதுவும் இல்லாமல் பழையபடி 24க்கே திருப்பலாம். அதற்குரிய 'டீடெலிசின்' வேறு வடிகட்டி, அதையும் வரி பிரிக்கும் வடிகட்டியையும் குழப்பக் கூடாது.

மாப்பிள்ளை குண்டான கதை எளிது. டிவிடியின் பிக்சல் சதுரமல்ல. அதே 720க்கு 576 பிக்சலைத்தான் பழைய 4:3 திரைக்கும் அகலமான 16:9 திரைக்கும் பயன்படுத்தினார்கள். எந்த அளவுக்கு இழுத்துக் காட்ட வேண்டும் என்று வட்டில் ஒரு குறிப்பு இருக்கும். 4:3 என்றால் 768க்கு 576, 16:9 என்றால் 1024க்கு 576. மாற்றும்போது அந்தக் குறிப்பு தொலைந்தால் 16:9 படத்தில் எல்லாரும் ஒல்லியாவார்கள். என்டிஎஸ்சி வட்டில் 720க்கு 480 என்பதால் அங்கே 4:3 படம் எட்டில் ஒரு பங்கு அகலமாகி எல்லாரும் குண்டாவார்கள். முன்னோட்டத்தில் தாம்பாளம் எதையாவது நேராகக் காட்டும் இடத்தைத் தேடுங்கள். அது வட்டமாக இருந்தால் சரி. இன்னொன்று, 320க்கு 240 ஆகக் குறைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை மறந்துவிடுங்கள். 2005இல் வந்த வீடியோ ஐபாடின் திரை அவ்வளவுதான், அந்தக் காலத்துக்கு அது நியாயம். இன்றைய கைப்பேசிக்கு டிவிடியின் முழு அளவே சின்னதுதான். அதற்காக மென்பொருளில் பெரிதாக்கவும் வேண்டாம், அந்த வேலையைத் திரையே செய்துகொள்ளும்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. 5.1 என்னும் ஆறு தட ஒலி உள்ள வட்டுகளில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கான தடத்தில் இருக்கும். ஆறு தடத்தை இரண்டாகக் கலக்கும்போது அது அமுங்கிப்போகிறது. வீட்டில் பரவாயில்லை, எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் ஓடும்போது வசனம் ஒன்றும் காதில் விழாது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் டிஆர்சி அமைப்பைச் சற்றுக் கூட்டி, ஏஏசி என்னும் ஒலி முறையில் 160 கிலோபிட்டில் வைத்தால் போதும்.

கடையில் வாங்கிய படங்களுக்குப் பூட்டு உண்டு. சிஎஸ்எஸ் என்ற அந்த 40 பிட் பூட்டு தொழில்நுட்பத்தில் பலவீனமானது, 1999இலேயே உடைந்துவிட்டது. சட்டப்படி நிலைமை வேறு. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, இத்தகைய பூட்டுகளைக் கழற்றுவதைத் தடுக்கிறது. வட்டு உங்கள் காசில் வாங்கியது என்பதால் அது மாறிவிடாது. ஹேண்ட்பிரேக்கும் தானாகப் பூட்டைத் திறக்காது. படம்தான் வேண்டும் என்றால் இணைய ஒளிவழித் தளத்தில் தேடுவதே சிரமமில்லாத வழி. இன்னொரு இடைஞ்சல், எந்த நாட்டு வட்டு எந்தக் கருவியில் ஓடும் என்று வரையறுக்கும் மண்டல எண். சிங்கப்பூர் 3, இந்தியா 5. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். குடும்ப வட்டுகளுக்குப் பூட்டும் இல்லை, மண்டலமும் இல்லை.

ஆனால் அவற்றுக்கு வேறு நோய் உண்டு. கடை வட்டில் குழிகள் அச்சில் பதிந்தவை. வீடியோக்காரர் எரித்துத் தந்த வட்டில் இருப்பது ஒளிபட்டு நிறம் மாறிய சாயம். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை மெல்ல மங்கவைக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சன்னலோர அலமாரி அதற்கு ஏற்ற இடமல்ல. கீறலைப் பொறுத்தவரை டிவிடி கொஞ்சம் திடமானது. 32 கேபி துண்டுகளாகத் தகவலைப் பிரித்து, பிழை திருத்தும் எண்களைக் குறுக்கும் நெடுக்கும் சேர்த்திருப்பதால் சில மில்லிமீட்டர் கீறலைத் தாண்டிப் படித்துவிடும். தடத்தின் போக்கிலேயே ஓடும் கீறல்தான் ஆபத்து, தொடர்ச்சியாக ஒரே இடத்தைக் கெடுக்கும். அதனால்தான் வட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கச் சொல்கிறார்கள்.

நேராக வட்டிலிருந்தே மாற்றத் தொடங்காமல், முதலில் முழு வட்டையும் அப்படியே நகலெடுத்த ஒரே கோப்பாக, அதாவது ஐஎஸ்ஓ கோப்பாக, கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவ் திணறினால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படிப்பதும் உண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரி பிரிப்பு, ஆர்எஃப், ஒலி எல்லாவற்றையும் அந்தக் கோப்பை வைத்தே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம், வட்டைத் தொட வேண்டியதில்லை. மாற்றி முடித்ததும் ஐஎஸ்ஓவை அழிக்காதீர்கள். ஒற்றை அடுக்கு வட்டுகள் 200க்கு மேல் 1 டிபி ஹார்ட் டிஸ்கில் அடங்கும்.