ஓணான் முட்டையைப் புரட்டாதீர்கள்

தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாகச் சில முட்டைகள் வெளிவருவது உண்டு. நான் ஊர்வனவற்றின் மரபணுத் தொகுதியை ஆராய்கிறவள் என்று தெரிந்தவர்கள் உடனே வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். "மிஸ், இது பாம்பு முட்டையா?" எதுவானாலும் என் பதில் ஒன்றுதான்: புரட்டாமல், இருந்த வாக்கிலேயே மண்ணால் மூடிவிடுங்கள். அடைக்கோழி முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும், சரி. ஊர்வன முட்டையில் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டி வளரும், புரட்டினால் செத்துப்போகலாம்.

மூடச் சொல்வதற்குக் காரணம் சூடு. மனிதரில் ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், வை நிறமூர்த்தங்கள் (மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள்) கருத்தரிக்கும்போதே தீர்த்துவிடுகின்றன. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்களுக்கு இது மனப்பாடம். ஊர்வனவற்றில் அப்படி ஒரே சட்டம் கிடையாது. நாகத்திலும் விரியனிலும் பெண்ணிடம்தான் வேறுபட்ட சோடி இருக்கிறது: இசட், டபிள்யூ. முதலைக்கு ஆண், பெண்ணைத் தீர்க்கும் நிறமூர்த்தமே இல்லை, கூட்டின் சூடுதான் முடிவு செய்யும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அவுஸ்திரேலியாவின் தாடி ஓணான். அதற்கும் இசட், டபிள்யூ உண்டு. ஆனால் முட்டை 32 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால், இரண்டு இசட் கொண்ட, ஆணாக வேண்டிய குஞ்சுகள் பெண்ணாகப் பிறக்கத் தொடங்குகின்றன. காட்டிலும் இது நடப்பதை 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பெண் சாதாரண ஆணோடு சேர்ந்தால் குஞ்சுகள் எதிலும் டபிள்யூ இருக்காது. ஒரே தலைமுறையில் ஒரு நிறமூர்த்தம் கைவிட்டுப் போய், அதன் வேலை முழுக்க வெயிலிடம் சேர்ந்துவிடுகிறது.

நம் இலங்கை மலைநாட்டு ஓணான்களும் அதே அகாமிடே குடும்பம். மூக்கில் கொம்பு வைத்தது, நுவரெலியாப் பக்கம் தேயிலைச் செடியிலேயே உட்கார்ந்திருக்கும் கறுத்த உதட்டுக்காரன், ஹோர்ட்டன் சமவெளியில் முட்டையிடாமல் குட்டி போடுவது, எல்லாமே இந்தத் தீவைவிட்டால் வேறெங்கும் இல்லாதவை. குளிருக்குப் பழகியவை. சூடு ஏற ஏற இவையும் மேலே ஏறலாம்தான், ஆனால் பிதுருதலாகலையின் 2,524 மீட்டருக்கு மேல் நமக்கு மலை இல்லை. நிழல் மரத்தை வெட்டினாலும் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தாலும் கூட்டு மண் சூடாகும். ஆய்வுகூடத்தில் இருக்கிறவள் ஏன் மரம் வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வேறிடத்தில் கண்ட முடிவை அப்படியே நம் மலைக்கும் எழுதிவிட முடியாது. டாஸ்மேனியாவின் அரணை ஒன்றில், தாழ்நிலத்தில் குட்டி ஆணா பெண்ணா என்பதைச் சூடு மாற்றுகிறது; அதே இனம் மலையில் அசைந்துகொடுப்பதில்லை. அதனால் இங்கேயே மாதிரி எடுக்க வேண்டும். கொல்லத் தேவையில்லை. வாயில் ஒரு பஞ்சுக் குச்சி போதும்; பாம்பு கழற்றிப் போட்ட சட்டையிலிருந்துகூட டி.என்.ஏ. எடுக்கலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஓணானைத் தொடுவதில்லை. அப்புறம் மாதக்கணக்கில் கம்ப்யூட்டர்தான். படித்தெடுத்த டி.என்.ஏ.வில் ஒரு நிறமூர்த்தத்தின் துண்டுகள் ஆணில் வருவதில் பாதிதான் பெண்ணில் வந்தால், அது இசட் என்று பிடித்துவிடலாம். சோடி இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ஓணான்கள்தான் உயிரை வாங்கும்.

படம் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குட்டி போடும் அந்த ஓணானின் பன்னாட்டு வியாபாரத்தை 2019இல், அழியக்கூடிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை தடைசெய்தது. தடை வருமளவுக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். பேஸ்புக்கை அவர்களும் பார்ப்பார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் மலை என்பதைப் பதிவில் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.