மணற்பெட்டியைக் கவிழ்க்கும் முன்

சந்தேகமான நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் (சாண்ட்பாக்ஸ், அதாவது மணற்பெட்டி) அடைத்து ஓட்டும் மென்பொருள் சாண்ட்பாக்ஸி. அது போட்டிருக்கும் விண்டோஸ் கணினி கிடைத்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். டி டிரைவில் 'கணக்கு' என்ற பெயரில் ஒரு நோட்பேட் ஃபைல் உருவாக்கி, 'பால் 500' என்று ஒரு வரி எழுதி மூடுங்கள். இப்போது அதையே ரைட் கிளிக் செய்து சாண்ட்பாக்ஸுக்குள் திறங்கள். ஜன்னலின் தலைப்பில் [#] என்ற குறி இரண்டு பக்கமும் வந்து உட்காரும். 'காய்கறி 800' என்று இன்னொரு வரி சேர்த்து சேமியுங்கள். உள்ளேயிருந்தே மறுபடி திறந்தால் இரண்டு வரியும் இருக்கும். வழக்கம்போல வெளியிலிருந்து திறந்தால் பால் மட்டும்தான் இருக்கும், காய்கறியைக் காணோம்.

ஃபைல் பெயர் ஒன்றுதான், டி டிரைவில் இருக்கும் இடமும் ஒன்றுதான். ஆனால் டிஸ்க்கில் இப்போது இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

நடந்தது இதுதான். உள்ளே ஓடும் நிரல் ஒரு ஃபைலைப் படிக்க மட்டும் கேட்டால், சாண்ட்பாக்ஸி அசலையே காட்டிவிடும். எழுதக் கேட்டால், அசலுக்கு ஒரு நகல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, எழுத்து முழுவதையும் அந்த நகலுக்குத் திருப்பிவிடும். நிரலுக்கு இது தெரியவே தெரியாது. டி டிரைவில்தான் எழுதினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ரோனன் சூர் என்பவர் 2004இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஓட்டைகள் வழியாக வரும் தொல்லைகளை அடைக்க எழுதிய மென்பொருள் இது. பல கை மாறி, 2020இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இப்போது சாண்ட்பாக்ஸி பிளஸ் என்ற பெயரில் தொடர்கிறது.

பெட்டி என்பது உண்மையில் சாதாரண ஃபோல்டர்தான். வேறு இடம் சொல்லாவிட்டால் சி டிரைவில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பயனர் பெயருக்குக் கீழே இருக்கும். உள்ளே போனால் 'டிரைவ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டிரைவ் எழுத்துக்கு ஒன்றாக ஃபோல்டர்கள். நம் காய்கறிக் கணக்கு டி எழுத்துக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே 'யூசர்' என்று ஒன்று. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், நிரல்கள் தங்கள் விவரங்களை வைக்கும் மறைவான ஆப்டேட்டா ஃபோல்டர் எல்லாம் அதற்குள். கூடவே 'ரெக்ஹைவ்' என்ற ஃபைலும் இருக்கும். உள்ளே ஓடிய நிரல்கள் ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) கிறுக்கியதெல்லாம் அதில் சேர்கிறது.

அழிப்பதைக்கூட இது பாவனையாகத்தான் செய்யும். உள்ளேயிருந்து ஒரு ஃபைலை அழித்தால் அசல் அப்படியே இருக்கும். அழிந்துவிட்டது என்று காட்ட, பெட்டிக்குள் அதே பெயரில் ஒரு நடுகல் மட்டும் விழும். பழைய முறையில் அந்த நடுகல்லின் தேதி 1986 மே 23. பெட்டிக்குள் மேய்ந்துகொண்டிருக்கும்போது அப்படியொரு தேதியைப் பார்த்தால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். புதிய பதிப்புகளில் இதைத் தனிப் பட்டியலாக வைக்கும் முறையும் வந்துவிட்டது.

சரி, பெட்டி நிறைந்துவிட்டது, காலி செய்ய வேண்டும். 'அசலுக்குத்தான் ஒன்றும் ஆகாதே' என்ற தைரியத்தில் அழித்துவிடுகிறோம். அசலுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த அசல் பழையது. நேற்று முழுவதும் உட்கார்ந்து திருத்திய அறிக்கை பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேராகப் போய்விடும்.

பென் டிரைவில் இது இன்னும் மோசம். பென் டிரைவில் இருந்த ஃபைலைச் சாண்ட்பாக்ஸுக்குள் திறந்து திருத்தி, சேமித்து, பென் டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறீர்கள். திருத்தம் பென் டிரைவில் இல்லை, வீட்டுக் கணினியின் சி டிரைவில் இருக்கிறது. போன இடத்தில் திறந்தால் பழையதுதான் வரும்.

மின்னஞ்சல் நிரல் இன்னொரு குழி. பாப் முறையில் அஞ்சலை இறக்கும் நிரல்கள், இறக்கி முடித்ததும் சர்வரில் இருப்பதை அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்ட நிரலைப் பெட்டிக்குள் ஓட்டினால், இறங்கிய கடிதங்களின் ஒரே பிரதி பெட்டியில்தான். காலி செய்தீர்களானால் சர்வரிலும் இல்லை, கணினியிலும் இல்லை. விளையாட்டில் எத்தனை கட்டம் தாண்டினோம் என்ற பதிவும், பிரவுசரில் சேர்த்த புக்மார்க்கும் இதே கதைதான்.

இதற்காகத்தான் 'மீட்பு' வசதி இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற சில ஃபோல்டர்களை அது கவனித்து, புதிதாக ஏதாவது வந்தால் 'வெளியே எடுக்கட்டுமா' என்று கேட்கும். நல்ல வசதிதான், ஆனால் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை மட்டும்தான் அது பார்க்கும். நம் டி டிரைவ்க் கணக்கு அதன் கண்ணில் படாது. மீட்பு ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்து பெட்டியே காலி என்று முடிவு கட்டுவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். நீங்கள் அடிக்கடி சேமிக்கும் ஃபோல்டர்களை முதல் நாளே அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

காலி செய்யும் நாளில் நான் செய்வது இது. முதலில் உள்ளே ஓடும் நிரல்களை முறையாக மூடுவேன். பாதி எழுதிய ஃபைல் எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம் பெட்டியின் ஃபோல்டரைத் திறந்து, தேதி வாரியாக அடுக்கி, 'டிரைவ்', 'யூசர்' இரண்டையும் ஒரு சுற்று பார்ப்பேன். பார்ப்பதோடு சரி, அங்கே எதையும் டபுள் கிளிக் செய்வதில்லை. சந்தேகமான டாக்குமென்ட்டை வெளியிலிருந்து திறந்துவிட்டால் பெட்டி போட்டதற்கே அர்த்தமில்லை. வேண்டிய ஃபைலை அசல் இருக்கும் இடத்துக்கு மீட்காமல், 'பெட்டியிலிருந்து' என்று ஒரு தனி ஃபோல்டருக்கு மீட்பேன். அசலின் மேல் விழுந்து அதை அழித்துவிடக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளலாம். நிரல் ஃபைல்களை மட்டும் மீட்பதே இல்லை. இறக்கிய கிருமி மீட்பு வழியாக வெளியே வந்தால் அது அசல் கிருமிதான்.

இதில் அவசரமே தேவையில்லை. பெட்டிக்குள் கிருமி இருந்தாலும், உள்ளே எந்த நிரலும் ஓடாதபோது அது வெறும் ஃபைல். கணினி தொடங்கும்போது தானாக ஓடும்படி அது தன்னைப் பதிந்திருந்தாலும், அந்தப் பதிவு ரெக்ஹைவுக்குள்தான் இருக்கிறது; விண்டோஸ் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டு நிதானமாகப் பார்த்து அழிக்கலாம். ஆனால் ஒன்று: சாதாரணப் பெட்டி தடுப்பது எழுதுவதைத்தான், படிப்பதை அல்ல. உள்ளே ஓடிய திருட்டு நிரல் உங்கள் பாஸ்வேர்டு ஃபைலைப் படித்து அனுப்பியிருந்தால், பெட்டியை எத்தனை முறை கவிழ்த்தாலும் அது திரும்ப வராது. பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் வேறு ஜாதி. 2019இல் விண்டோஸ் 10 புரோ பதிப்புக்கு வந்த அது, ஒவ்வொரு முறையும் புத்தம் புது விண்டோஸாகத் திறக்கும். ஜன்னலை மூடினால் உள்ளே இருந்த அத்தனையும் போய்விடும். எச்சரிக்கை ஒன்று வரும், அதை யார் படிக்கிறார்கள்? அதில் வேலை செய்தால், மூடுவதற்கு முன்பே வேண்டியதைக் காப்பி செய்து வெளியே ஒட்டிவிட வேண்டும்.

சாண்ட்பாக்ஸியில் அழிக்கும்போது அதன் மெனுவில் உள்ள அழிப்பு வழியையே பயன்படுத்துங்கள். எக்ஸ்புளோரரில் போய்க் கையால் அழித்தால் 'ரெக்ஹைவ் பயன்பாட்டில் இருக்கிறது' என்று நடுவில் நின்றுபோகலாம். பாதி அழிந்து பாதி நிற்கும் பெட்டி முழுப் பெட்டியைவிடத் தொல்லை. மெனு வழி போனால் அது முதலில் உள்ளிருக்கும் நிரல்களை நிறுத்தும், ரிஜிஸ்ட்ரியைக் கழற்றும், பிறகு ஃபோல்டருக்கு 'டெலீட்' என்று தொடங்கும் நீண்ட பெயரை வைத்துவிட்டு அழிக்கத் தொடங்கும். ஏதாவது ஃபைல் பிடிவாதமாக மாட்டிக்கொண்டால் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் மிச்சம் நிற்கும். கணினியை அணைத்துப் போட்ட பிறகு அதை அழித்துவிடலாம், ஆனால் அதற்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு.