வெளிநாட்டுச் சிறையில் பிள்ளை, வீட்டில் இருக்க வேண்டிய கடதாசி

சென்ற வருடம் வட்டக்கச்சியிலிருந்து ஒரு அம்மா கிளிநொச்சியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் திருட்டு வழக்கில் மகன் மறியலில். "அவங்கள் காட்டின இடத்தில கையெழுத்து வைச்சிட்டானாம், பிள்ளை. என்ன எழுதியிருந்தது எண்டு அவனுக்குத் தெரியாதாம்." எழுதியிருந்தது ஒப்புதல் வாக்குமூலம், அரபியில். மொழிபெயர்க்க வந்தவர் பேசியது இந்தி.

இது வன்னிக்குப் புதிதல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிட்டு வருடக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் பிள்ளையை விமானம் ஏற்றும்போது இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அரச தரப்பில் வழக்கை நடத்துகிற வழக்குத்தொடுநரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்கிக் கொடுப்பதல்ல. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான சான்று கையில் இருந்தால் அதையும் தர வேண்டும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1963இலேயே தீர்த்தது. முறைகேடாகப் பெற்ற வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த மறுக்க வேண்டும் என்று வழக்குத்தொடுநர்களுக்கான 1990ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டல்கள் சொல்கின்றன. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை, விளங்காத மொழியில் வழக்கு நடந்தால் இலவச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறது. ஆனால் சவூதி அரேபியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் வழக்கை நான் அடிக்கடி சொல்வதுண்டு. 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982, பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் 1988. அவர் பார்த்துக்கொண்ட அந்த வீட்டுக் குழந்தை இறந்து கொலைக் குற்றம் அவர்மேல் வந்தபோது அவருக்கு வயது 17. முதல் விசாரணையில் பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. அப்போது கொடுத்த வாக்குமூலத்தைப் பிறகு மறுத்தார், பலனில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது. குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்கிற சிறுவர் உரிமை சமவாயத்தில் சவூதியும் ஒரு தரப்பு.

வளைகுடாவில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அகதிகளை ஏற்றி வந்த படகுகளில் வேலை செய்த இந்தோனேசியச் சிறுவர்கள் மேல், மணிக்கட்டு எக்ஸ்றேயை வைத்துப் பெரியவர்கள் என்று சொல்லி அவுஸ்திரேலியா ஆட்கடத்தல் வழக்குப் போட்டது. அதில் ஒருவருடைய பிறப்புச் சான்று அரச தரப்பிடம் வந்திருந்தும் நீதிபதியின் முன் வைக்கப்படவில்லை. 2017இல்தான் அவருடைய குற்றத்தீர்ப்பு இரத்தானது. அதற்குள் சிறைவாசமே முடிந்துவிட்டது.

இதனால்தான் வீட்டில் இருக்கிற கடதாசியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். இறுதிப் போரில் மாத்தளன் பக்கம் ஓடும்போது பெட்டியோடு விட்டுவந்த பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தை இன்னும் எடுக்காத குடும்பங்கள் உண்டு. பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். பதிவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் பதிவாளரிடம் கேளுங்கள். வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு செய்து தருகிறேன் என்கிற முகவரிடம் பிள்ளையை விடாதீர்கள். பிடிபட்டால் அந்தப் பொய் வயதில்தான் விசாரிப்பார்கள்.

பிடிபட்ட பிள்ளை முதலில் கேட்க வேண்டியது தன் தூதரகத்தை. 1963ஆம் ஆண்டு வியன்னா சமவாயத்தின் 36ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. தமிழ் தெரிந்தவர் வாசித்துக் காட்டும்வரை எதிலும் கையெழுத்து வேண்டாம். அடித்து வாங்கினால், எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார்கள் என்பதை நீதிபதியிடம் முதல் தவணையிலேயே சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு எழுத்திலும் கொடுங்கள், கொடுத்ததற்குப் பிரதி வைத்திருங்கள்.

அந்த அம்மாவின் மகனுக்கும் முகவர் ஐந்து வயது கூட்டியிருந்தார். பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்து, மொழிபெயர்த்து, உறுதிப்படுத்தித் தூதரகத்துக்கு அனுப்ப எங்களுக்கு ஏழு கிழமை பிடித்தது. இப்போது அது அவனுடைய சட்டத்தரணியின் கையில் இருக்கிறது. வழக்கு அடுத்த மாதம் தவணை.