எரிந்தால் பூச்சி சாகாது: கிராம்பு எண்ணெய் பற்றி ஒரு பல் மருத்துவர்

பஞ்சை எடுத்தபோது ஈறின் மேல்தோலும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கன்னத்தின் உட்புறம் வரை பால் ஏடு படிந்ததுபோல் வெளுத்திருந்தது. அடியில் செக்கச்செவேல் என்று புண். ராத்திரி கிராம்பு எண்ணெயில் முக்கி வைத்த பஞ்சு, விடிந்து என்னிடம் வரும்வரை அங்கேயே இருந்திருக்கிறது. இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள்.

"எரியவில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லா எரிஞ்சுது டாக்டர். எரிஞ்சாத்தானே பூச்சி சாகும்?"

எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பொறுக்க முடியாத பதில் இது. பல்லில் பூச்சி கிடையாது. பூச்சிப்பல் என்பது வெறும் வாய்ப்பழக்கம். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலம் நாளடைவில் பல்லை அரித்துக் குழியாக்குகிறது. எரிச்சல் வந்தால் எதுவும் சாகிறது என்று அர்த்தமில்லை. உங்கள் ஈறு வேகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சலும் அடங்கிவிடும். மருந்து பிடித்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். உண்மையில் அந்த இடம் மரத்துப்போயிருக்கிறது. மரத்த இடத்தில் சுடுவது உறைக்காது. அதனால்தான் காலைவரை பஞ்சை எடுக்கத் தோன்றுவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் யூஜெனால். கிராம்பு எண்ணெயில் பொதுவாக 70 முதல் 90 சதவீதம் வரை இதுதான். உலர்ந்த கிராம்பு மொட்டில் மொத்த எண்ணெயே 15 முதல் 20 சதவீதம்தான். "கிராம்பைக் கடித்தால் ஒன்றும் ஆவதில்லையே, எண்ணெய் மட்டும் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

யூஜெனாலுக்கு நான் எதிரி இல்லை. பல் கிளினிக்குக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனையே பெரும்பாலும் அதுதான். துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறோம். கலவை இறுகியபின் யூஜெனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்மையான பகுதியான கூழ்வரை திறந்த பல்லில் அதையும் நேரடியாக வைக்க மாட்டோம்.

இன்னொன்று, வலி போனதும் பல் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சில சமயம் உள்ளே நரம்பு செத்துப்போய் வலி நிற்கும். கிருமி அப்போது வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் சில மாதம் கழித்து முகம் வீங்கி வருவார்கள்.

சரி, நடுராத்திரியில் வலி உயிர் போகிறது, என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையைச் சரியான அளவில் விழுங்குங்கள். விழுங்கச் சொன்னேன், ஈறில் வைக்கச் சொல்லவில்லை. ஆஸ்பிரினை ஈறில் வைத்து வெந்துபோய் வருபவர்கள் தனிக் கூட்டம். கிராம்பு எண்ணெய் வைத்தே தீருவேன் என்றால், பெரியவர்கள் மட்டும், ஒரே ஒரு சொட்டைச் சமையல் எண்ணெயில் கலந்து, பஞ்சைப் பிழிந்து, பல்லின் குழிக்குள் மட்டும் சில நிமிடம் வையுங்கள். ஈறில் படக்கூடாது. எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் யூஜெனால் ஒவ்வாமை உள்ளவர்களும் இதையும் செய்ய வேண்டாம். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பல் முளைக்கும் ஈறில் இந்த எண்ணெயைத் தடவாதீர்கள். யூஜெனாலின் ஒரு நாள் ஏற்பளவு, அதாவது தினமும் உள்ளே போனாலும் தீங்கில்லை என்று கருதப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 25 மில்லிகிராம். ஒரு சொட்டு எண்ணெயிலேயே அதைவிட அதிகம் இருக்கும். 5 முதல் 10 மில்லிலிட்டர் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை வலிப்பும் கல்லீரல் பாதிப்புமாக கோமாவுக்குப் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. குப்பியைக் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்புறம், எங்களிடம் வரும்போது கிராம்பு எண்ணெய் வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பல் நிறத்தில் அடைக்கும் பிசின் சரியாக இறுகாமல் யூஜெனால் தடுக்கக்கூடும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ற வழியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.