நிறவெளி: கேமராவை எங்கே நகர்த்துவது?

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி, தோல் பதனிடும் இடம். தோலின் நிறம் பார்க்கக் கேமரா வைத்திருந்தார்கள். காலையில் ஒழுங்காக இருந்தது, மேகம் மூடியதும் அதே பழுப்புத் தோலை ‘ஷேடு வேற’ என்று ஒதுக்கியது. பார்க்க வந்த பையன், “கலர் ஸ்பேஸை மாத்தணும்ணே” என்றான். மேஸ்திரி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, “எந்தப் பக்கம் நகர்த்தணும்?” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. ‘ஸ்பேஸ்’ லத்தீன் ‘ஸ்பாட்டியம்’ என்பதிலிருந்து வந்தது. இடம், இடைவெளி, தூரம் எல்லாம் அதில் அடக்கம். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது தூரத்தைத்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண் கொடுத்தால் அது ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே தூரம் அளக்கலாம். அதனால் கலர் ஸ்பேஸுக்குத் தமிழில் ‘நிற இடம்’ சரிவராது, ‘நிறவெளி’தான் பொருந்தும். ‘வண்ணவெளி’யும் புழக்கத்தில் உண்டு, ஆனால் வண்ணம் செய்யுளின் சந்தத்துக்கும் பெயர். (நிறம் என்றால் பழைய பாட்டில் மார்பும்தான். இன்று யார் குழம்பப் போகிறார்கள்!)

வேலூர்க் கோட்டைக்குக் காட்பாடியிலிருந்து வழி கேட்டால் பாலாறு தாண்டித் தெற்கே என்பார்கள். ஊருக்குத் தெற்கே உள்ள பாகாயத்தில் கேட்டால் வடக்கே. கோட்டை ஒன்றுதான். நிறவெளியை மாற்றுவதும் அப்படித்தான்: நிறம் ஒன்றுதான், அதைச் சொல்லும் எண்கள்தான் மாறும்.

அந்தப் பழுப்பு, ஆர்.ஜி.பி. வெளியில் சிவப்பு 120, பச்சை 72, நீலம் 48 என்று வையுங்கள். வெளிச்சம் குறைந்து எண்கள் பாதியானால் 60, 36, 24. கேமராவுக்கு அது வேறு தோல். சாயல் (எந்த நிறம் என்பதை நிறவட்டத்தில் பாகையாகச் சொல்வது), செறிவு, ஒளிர்வு என்று பிரிக்கும் எச்.எஸ்.வி. வெளியில் எழுதினால் இரண்டுக்கும் சாயல் 20 பாகை, செறிவு 60 சதவீதம். ஒளிர்வு மட்டும் பாதி. பையன் சொன்னது இதைத்தான். ஆனால் வெயிலுக்குப் பதில் மஞ்சள் பல்பு போட்டால் சாயலே நகரும். அதற்கு ஒயிட் பேலன்ஸ் சரிசெய்ய வேண்டும், அதாவது அந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவைத் திருத்த வேண்டும்.

இரண்டு லாட் தோல் நிறத்தில் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளக்க 1976-இல் வகுத்த லேப் வெளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும் எண்ணில் வரும் தூரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்றே அதை அமைத்தார்கள். அந்தத் தூரத்துக்குப் பெயர் டெல்டா ஈ.

கறுப்புத் தோலுக்கு மட்டும் சாயலை நம்பாதீர்கள். மூன்று எண்ணும் பூஜ்யத்தை ஒட்டி நிற்கையில், ஒன்று கூடிக் குறைந்தாலே சாயல் சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தாவிவிடும். ஷூவுக்குக் கறுப்பு எவ்வளவு போகிறது என்று ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?